கடைகள் மூடின, கூட்டம் தொடர்ந்தது: அமெரிக்க விவசாயிகளின் ‘கிரேஞ்ச்’

நம் ஊர்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கும், வயல் ஊருக்கு வெளியே கிடக்கும். உழுது திரும்பும் ஒருவர் டீக்கடையிலோ கோயில் திண்ணையிலோ நாலு பேரைப் பார்த்துப் பேசாமல் நாள் முடியாது. 1860களின் அயோவாவிலும் மின்னசோட்டாவிலும் இது தலைகீழ். அமெரிக்க அரசு நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து கொடுத்தது. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர். அந்த 160 ஏக்கருக்குள்தான் வீடும் கட்ட வேண்டும். அதனால் பக்கத்து வீடு என்பதே அரை மைல் தள்ளி இருக்கும். பனிக்காலத்தில் பாதை மூடிவிட்டால் வாரக்கணக்கில் வெளியாள் முகம் பார்க்க முடியாது. கோதுமையை விற்கவும் மண்ணெண்ணெய் வாங்கவும் ஆண்கள் அவ்வப்போது டவுனுக்காவது போய்வந்தார்கள். பெண்களுக்கு அதுவும் இல்லை.

இந்தத் தனிமைக்கு நடுவே 1867இல் தொடங்கியதுதான் ‘பேட்ரன்ஸ் ஆஃப் ஹஸ்பண்ட்ரி’ என்ற விவசாயிகள் சங்கம். அதன் ஊர்க் கிளைகளுக்குக் ‘கிரேஞ்ச்’ என்று பெயர். பிறகு மொத்தச் சங்கத்தையுமே மக்கள் அப்படி அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் கிரேஞ்ச் இரண்டு விஷயங்களுக்காக இடம்பிடிக்கிறது. ஒன்று, ரயில்வே கம்பெனிகளைக் கட்டுப்படுத்த வந்த சட்டங்கள். இன்னொன்று, கூட்டுறவுக் கடைகள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் அந்தச் சட்டங்களில் பல சில ஆண்டுகளிலேயே திருத்தப்பட்டன அல்லது கைவிடப்பட்டன. கடைகளில் பெரும்பாலானவை பத்து வருடத்தைத் தாண்டவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை ஊரார் கூடி உட்கார்ந்த அந்தக் கூட்டம் மட்டும் நூறு வருடத்தைத் தாண்டியும் நடந்தது. கிரேஞ்சைப் புரிந்துகொள்ள அந்தக் கூட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

சங்கத்தைத் தொடங்கியவர் ஆலிவர் ஹட்சன் கெல்லி. 1826இல் பாஸ்டனில் பிறந்தவர். 1849இல் மின்னசோட்டாவுக்குப் போய் எல்க் ரிவர் அருகே நிலம் பிடித்தார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. பத்திரிகைகளையும் நூல்களையும் படித்துப் படித்து விவசாயம் செய்தவர். பிறகு வாஷிங்டனில் வேளாண்மைத் துறையில் எழுத்தர் வேலை. உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், தென் மாநிலங்களில் விவசாயம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவர அவரை அனுப்பினார்கள். நேற்றுவரை துப்பாக்கியோடு எதிரெதிரே நின்ற நாடு அது. வடக்கிலிருந்து வந்த அரசு ஊழியருக்குத் தெற்கில் யார் கதவு திறப்பார்கள்? கெல்லி ஃப்ரீமேசன் சங்கத்து உறுப்பினர். அந்தச் சங்கத்துச் சகோதரர் என்பதால் பல வீடுகளில் கதவு திறந்தது. ரகசியச் சொல்லும் சடங்கும் கொண்ட ஒரு சங்கம் பகையாளிகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் என்றால், விவசாயிகளுக்கென்று அப்படி ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்ற யோசனை அங்கே பிறந்தது.

1867 டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில் சங்கம் முறைப்படி தொடங்கியது. நிறுவனர்கள் என்று ஏழு ஆண்களின் பெயர் சொல்வார்கள். அவர்களில் பெரும்பாலோர் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். முதல் தலைவர் வில்லியம் சாண்டர்ஸ், ஸ்காட்லாந்தில் பிறந்த தோட்டக்கலை வல்லுநர். கெட்டிஸ்பர்க் வீரர்கள் கல்லறைத் தோட்டத்தை வடிவமைத்தவர் அவர்தான். பிரேசிலிலிருந்து விதையில்லாத நேவல் ஆரஞ்சை அமெரிக்காவுக்கு வரவழைத்து, கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தொழிலுக்கு வழி திறந்ததும் அவர்தான். எட்டாவதாக ஒரு பெயரைச் சேர்க்காமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. கெல்லியின் உறவுப் பெண் கரோலின் ஹால். சகோதரி மகள். பெண்களை ஆண்களுக்குச் சமமான உறுப்பினர்களாகச் சேர்த்தால் ஒழிய இந்தச் சங்கம் நிலைக்காது என்று கெல்லியிடம் சொன்னவர் அவர். வெறுமனே யோசனை சொல்லிவிட்டு விலகவில்லை. பல ஆண்டுகள் கெல்லியின் உதவியாளராக இருந்து கடிதப் போக்குவரத்தையும் கணக்கையும் சுமந்தார். 1892இல்தான் தேசிய கிரேஞ்ச் அவரை நிறுவனர்களுக்குச் சமமானவராக அங்கீகரித்தது. இருபத்தைந்து வருடத் தாமதம்.

தொடக்கம் சுலபமாக இல்லை. 1868 ஏப்ரலில் கெல்லி வேலையை விட்டுவிட்டு மின்னசோட்டா நோக்கிக் கிளம்பியபோது அவர் கையில் இருந்தது பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் வரைக்கும் ஒரு ரயில் டிக்கெட்டும் இரண்டு மூன்று டாலரும். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஆள் சேர்த்து, கிளை தொடங்க 15 டாலர் கட்டணம் வாங்கி, அந்தக் காசில் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்பது திட்டம். இப்படி நாலு கிளை தொடங்கினார். அவற்றில் நிலைத்தது நியூயார்க் மாநிலத்து ஃப்ரெடோனியா ஒன்றுதான். ஏப்ரல் 16 அன்று தொடங்கிய அதற்கு எண் 1. சொந்த ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கெல்லிக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கல்வி, பண்பாடு, தோட்டக்கலை என்று அவர் பேசியது மின்னசோட்டா விவசாயிகளின் காதில் ஏறவில்லை. “சரி, ரயில்வேக்காரனையும் தரகரையும் சமாளிக்க இது உதவுமா?” என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்கு இடம் கொடுத்த பிறகே கிளைகள் முளைத்தன. 1869 பிப்ரவரியில் முதல் மாநில கிரேஞ்ச் அங்கே அமைந்தது. பொருட்களை மொத்தமாக வாங்கித் தர செயின்ட் பால் நகரில் ஒரு முகவரையும் வைத்தார்கள். அவருக்கு வந்த முதல் ஆர்டர், ஒரு உறுப்பினருக்கு ஆண் கழுதை வாங்கித் தருவது. கோவேறு கழுதை ஈனுவதற்காகக் குதிரையோடு சேர்க்க ஆண் கழுதை வேண்டும். பெரிய லட்சியங்களோடு தொடங்கிய சங்கத்தின் வியாபாரக் கணக்கு இப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு கிரேஞ்ச் தொடங்கக் குறைந்தது ஒன்பது ஆண்களும் நாலு பெண்களும் வேண்டும். பெண்கள் இல்லாமல் கிளையே கிடையாது. ஆண்களுக்கு 18 வயது, பெண்களுக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். சேருவதற்கு ஆண்களுக்கு 5 டாலர், பெண்களுக்கு 2 டாலர். மாதச் சந்தா குறைந்தது 10 சென்ட்.

கூட்டம் எங்கே நடக்கும்? ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்திலோ கடை மாடியிலோ யாராவது ஒருவர் வீட்டிலோ கூடினார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் பல ஊர்களில் சொந்த மண்டபம் கட்டினார்கள். கீழ்த்தளத்தில் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும், மேல்தளத்தில் சிறு மேடையோடு கூட்ட அறை. நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் ஊர்களில் இன்றும் அந்த மரக் கட்டடங்களைப் பார்க்கலாம். எப்போது கூடுவது என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. பல கிளைகள் கூட்ட நாளைப் பௌர்ணமியை ஒட்டி வைத்துக்கொண்டன. தெருவிளக்கு கிடையாது, பாதையும் குண்டும் குழியும். கூட்டம் முடிந்து குதிரை வண்டியில் பல மைல் திரும்பிப் போக நிலா வெளிச்சம் வேண்டும். அமாவாசை ராத்திரியில் குழந்தை குட்டிகளோடு யார் வருவார்கள்?

வாசலில் ஒருவர் நிற்பார். அவருக்குக் ‘கேட்கீப்பர்’ என்று பதவிப் பெயர். அந்த ஆண்டுக்கான ரகசியச் சொல்லைக் காதோடு சொன்னால்தான் உள்ளே போகலாம். உள்ளே ஒரு முனையில் தலைவர், அவருக்கு எதிர்முனையில் மேற்பார்வையாளர். நடுவில் ஒரு பீடத்தில் திறந்த பைபிள். ஒரு பக்கத்தில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ரோமானியத் தொன்மத்திலிருந்து எடுத்த செரெஸ், பொமோனா, ஃப்ளோரா என்ற பெயர்கள் அவர்களுக்கு. முதலாமவர் தானியத்துக்கு, அடுத்தவர் பழத்துக்கு, மூன்றாமவர் பூவுக்கு. புது உறுப்பினர் நாலு படிகளைத் தாண்ட வேண்டும். ஆண்கள் தொழிலாளி, பயிரிடுபவர், அறுவடைக்காரர் என்று ஏறி உழவர் ஆவார்கள். பெண்கள் கன்னி, ஆடு மேய்ப்பவள், கதிர் பொறுக்குபவள் என்று ஏறி இல்லத்தலைவி ஆவார்கள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நாலு பருவத்தோடும் இந்தப் படிகள் பொருந்திவரும். முதல் படியில் கோடரி, கலப்பை, பரம்பு, மண்வெட்டி ஆகிய நான்கையும் காட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்வார்கள். கலப்பை மண்ணைப் புரட்டுவதுபோல மனதையும் புரட்டிப் பண்படுத்த வேண்டும் என்கிற மாதிரி. நாலாவது படி முடிந்தால் விருந்து. எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சேர்த்து வைத்துச் சாப்பிடுவார்கள்.

இந்தச் சடங்குகளைப் படிக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இன்றைய வாசகருக்குத் தோன்றலாம். எனக்கு அவை அழகாகத்தான் படுகின்றன. வருடம் முழுக்கச் சேற்றிலும் சாணத்திலும் உழைத்தவர்களை, நகரத்துப் பத்திரிகைகள் பட்டிக்காட்டான் என்று படம் வரைந்த காலம் அது. அவர்களுடைய கோடரியையும் மண்வெட்டியையும் பீடத்துக்கு முன்னால் வைத்து, இது மரியாதைக்குரிய பொருள் என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. தோளில் பட்டை அணிந்து, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, எழுந்து நின்று பேசும் பழக்கம் பலருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கேதான் வந்தது.

சடங்கு முடிந்ததும் வருவது ‘லெக்சரர்’ நேரம். லெக்சரர் என்பவர் விரிவுரை ஆற்றுபவர் கிடையாது. மற்றவர்களைப் பேச வைப்பதுதான் அவர் வேலை. அடுத்த கூட்டத்துக்கு யார் எதைப் பற்றி எழுதி வாசிக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். எவ்வளவு ஆழம் உழலாம், எந்த விதை எந்த மண்ணில் எடுபட்டது, கடையில் விற்கும் உரத்தை நம்பலாமா, பண்ணைக் கணக்கை எப்படி எழுதுவது என்று பேச்சு போகும். நடுநடுவே பாட்டு, செய்யுள் ஒப்புவித்தல், விவாதம். ஒரு விவசாயி வாசித்ததை இன்னொருவர் எழுந்து மறுப்பார். தன் நிலத்தில் வேறு மாதிரி நடந்தது என்பார். இப்படிப் பேசப் பழகியவர்கள்தான் பிறகு ரயில் கட்டண அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரைக் கேள்வி கேட்டார்கள்.

பெண்கள் விஷயத்தில் கிரேஞ்ச் செய்தது அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய காரியம். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க வாக்குரிமை கிடைத்தது 1920இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கிரேஞ்ச் கூட்டத்தில் மனைவியின் ஓட்டும் கணவனின் ஓட்டும் ஒரே எடை. பெண்கள் எந்தப் பதவிக்கும் போட்டியிடலாம். நடைமுறையில் தலைவர் நாற்காலியில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள், சமையலறை பெண்கள் பக்கமே இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 1885இல் தேசிய கிரேஞ்ச் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1895இல் மின்னசோட்டா மாநில கிரேஞ்சுக்கே சாரா பேர்ட் என்ற பெண் தலைவரானார்.

இப்படி மெதுவாக வளர்ந்துகொண்டிருந்த சங்கம் 1873இல் திடீரென்று பெருவெள்ளம் ஆனது. காரணம் விலை. போர்க்காலத்தில் உயர்ந்திருந்த தானிய விலை போருக்குப் பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. விலை நன்றாக இருந்தபோது வாங்கிய கடனை விலை விழுந்த பிறகு திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. அயோவாவில் ஒரு புஷல் மக்காச்சோளம், அதாவது ஏறக்குறைய 25 கிலோ, 15 சென்ட் அளவுக்கு விழுந்தது. அதைச் சந்தைக்கு ஏற்றிப் போகும் ரயில் கட்டணம் மட்டும் குறையவில்லை. 1872–73 குளிர்காலத்தில் நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தை எரிப்பது மலிவு என்று அடுப்பில் சோளத்தைப் போட்டு எரித்தவர்கள் உண்டு. விளைவித்தவன் கையாலேயே தானியத்தை அடுப்பில் போடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை எந்த ஊர் விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை. 1873 செப்டம்பரில் ஜே குக் வங்கி திவாலாகி நாடு முழுக்கப் பொருளாதார நெருக்கடி வெடித்தது. 1875 தொடக்கத்தில் கிரேஞ்சுகள் இருபதாயிரத்தைத் தாண்டின. உறுப்பினர்கள் சுமார் 8.58 லட்சம்.

ரயில்வே மீது இருந்த கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு கம்பெனிகள் போட்டி போடும் ஊர்களுக்கு இடையே நீண்ட தூரத்துக்குக் குறைந்த கட்டணம். ஒரே கம்பெனி மட்டும் ஓடும் ஊரிலிருந்து குறைந்த தூரத்துக்கு அதிகக் கட்டணம். ரயில் நிலையத்துப் பக்கத்திலிருந்த தானியக் கிடங்கும் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கு வேண்டியவருடையது. தரம் போடுவது அவர், எடை போடுவது அவர், விலை சொல்வதும் அவர்.

இல்லினாயில் இந்தப் போராட்டத்தை முன்னெடுத்தது கிரேஞ்ச் மட்டும் இல்லை. ரகசியம், சடங்கு எதுவும் இல்லாத வெளிப்படையான ‘விவசாயிகள் கிளப்’கள் அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தன. 1873 ஜனவரியில் புளூமிங்டனில் அவை ஒன்றுசேர்ந்து மாநில விவசாயிகள் சங்கம் ஆயின. கிரேஞ்ச் கூட்டங்களில் கட்சி அரசியல் பேசக்கூடாது என்று விதி இருந்தது. இந்தக் கிளப்களுக்கு அந்தத் தடை கிடையாது. அந்த ஆண்டு மாநிலத் தலைமை நீதிபதி சார்ல்ஸ் லாரன்ஸ், 1871ஆம் ஆண்டின் ரயில் கட்டணச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தார். ஜூனில் நடந்த நீதிபதித் தேர்தலில் விவசாயிகள் அவரைத் தோற்கடித்தார்கள். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். அன்று ஊர் ஊராகக் கூடி, ‘விவசாயிகளின் சுதந்திரப் பிரகடனம்’ ஒன்றை வாசித்தார்கள். லாரன்ஸ் விஷயத்தில் எனக்கு நெருடல் உண்டு. அவர் தீர்ப்பு விவசாயிகளுக்கு எதிரானது என்று சொல்ல முடியாது. கட்டண வித்தியாசம் எல்லாவற்றையும் கண்மூடித்தனமாகத் தடை செய்யாமல் நியாயமற்ற வித்தியாசத்தை மட்டும் தடுக்கும்படி சட்டத்தைத் திருத்தி எழுதுங்கள் என்றுதான் அதில் இருந்தது. அதன்படியேதான் சட்டமன்றம் 1873 மே மாதம் புதுச் சட்டத்தை இயற்றியது. கோபத்தில் ஒரு நல்ல நீதிபதியை இழந்தார்கள்.

இல்லினாய், அயோவா, விஸ்கான்சின், மின்னசோட்டா ஆகிய மாநிலங்களில் வந்த இத்தகைய சட்டங்களைக் ‘கிரேஞ்சர் சட்டங்கள்’ என்று சொல்வது வழக்கம். அந்தப் பெயர் கிரேஞ்சுக்குக் கொஞ்சம் அதிகமான பெருமையைத் தருகிறது. சிகாகோ தானிய வியாபாரிகளும் மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர்களின் வணிகர்களும் தங்கள் காரணங்களுக்காக இதே சட்டங்களைக் கேட்டார்கள். ஆனால் பல ஆயிரம் ஊர்களில் மாதாமாதம் ஆள் கூடுகிறது என்ற ஒன்று பின்னால் இல்லாமல் இருந்திருந்தால் அரசியல்வாதிகள் இவ்வளவு வேகமாக அசைந்திருக்க மாட்டார்கள்.

சட்டங்களை எதிர்த்து வழக்குகள் போனபோது எல்லாவற்றுக்கும் முன்னோடியாக அமைந்தது மன் எதிர் இல்லினாய் வழக்கு. சிகாகோவில் தானியக் கிடங்கு வைத்திருந்த ஐரா மன், ஜார்ஜ் ஸ்காட் இருவரும் 1871ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டத்தை மீறியதற்காக 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டவர்கள். அந்த நகரத்தின் 14 பெரிய கிடங்குகளை ஒன்பது நிறுவனங்கள் கையில் வைத்திருந்தன. கட்டணத்தைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்தன. 1877இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வணிகத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு, கடந்து போகும் எல்லாரிடமும் சுங்கம் வாங்குகிறவர்கள் இவர்கள், பொதுமக்களின் நலன் சம்பந்தப்பட்ட தொழிலைச் செய்கிறவர்கள், ஆகவே அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு போடலாம் என்றார் தலைமை நீதிபதி மாரிசன் வெயிட்.

இந்த வழக்கு நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீஃபன் ஃபீல்ட், கிடங்கு முதலாளிகளின் சொத்துரிமைக்காக வாதிடும்போது, அரசமைப்புச் சட்டம் காக்கும் ‘உயிர்’ என்பது வெறும் விலங்குபோல் உயிரோடு இருப்பதைவிடக் கூடுதலானது என்று எழுதினார். அமெரிக்காவில் அந்த வழக்கில் தோற்ற கருத்து அது. 1962இல் கரக் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வரியை எடுத்து, நம் அரசமைப்பில் உயிர்வாழும் உரிமையைக் காக்கும் 21ஆம் பிரிவுக்கு விளக்கமாக வைத்தது. 1981இல் ஃபிரான்சிஸ் கொராலி வழக்கில், மானத்தோடு வாழும் உரிமை என்று அது இன்னும் விரிந்தது. இன்று நம் ஊரில் குடிநீருக்காகவோ சிறையில் இருப்பவரின் மரியாதைக்காகவோ வழக்குப் போடுகிறவர்கள் நம்பியிருக்கும் விளக்கத்தின் ஒரு வேர் சிகாகோவின் தானியக் கிடங்குக்குப் போகிறது.

சட்டத்தின் கதை அது. வியாபாரத்தின் கதை வேறு மாதிரிப் போனது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதில் சந்தேகமில்லை. 1872இல் சிகாகோவில் ஆரன் மான்ட்கோமரி வார்ட் 163 பொருட்கள் கொண்ட ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு தபால் வழி விற்பனையைத் தொடங்கியபோது அவர் குறிவைத்த வாடிக்கையாளர்கள் கிரேஞ்ச் உறுப்பினர்கள்தான். ‘ஒரிஜினல் கிரேஞ்ச் சப்ளை ஹவுஸ்’ என்றே விளம்பரம் செய்தார். மாநில கிரேஞ்சுகள் முகவர்களை வைத்தன, ஊருக்கு ஊர் கடை திறந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். அயோவா மாநில கிரேஞ்ச் ஒரு படி மேலே போய் வெர்னர் என்ற அறுவடை இயந்திரத்தின் காப்புரிமையை வாங்கி, 1874இல் தானே இயந்திரம் செய்யத் தொடங்கியது. முதலீடு போதவில்லை, அனுபவமும் இல்லை. பெரிய தொழிற்சாலைகளின் போட்டியைத் தாங்க முடியாமல் கடனில் மூழ்கியது. அந்தத் தோல்வி மற்ற மாநிலங்களிலும் நம்பிக்கையைக் குலைத்தது. கடைகளில் கடனுக்குக் கொடுத்தது வசூலாகவில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் முறைப்படி ரொக்கத்துக்கு மட்டும் விற்று, வாங்கிய அளவுக்கு லாபத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று தேசிய கிரேஞ்ச் சொன்னபோது பல ஊர்களில் கடையே போய்விட்டிருந்தது.

வேகமாக வந்த கூட்டம் வேகமாகவே கலைந்தது. மலிவுச் சரக்குக்காகச் சேர்ந்தவர்கள் கடை மூடியதும் போய்விட்டார்கள். உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் எல்லாருமே விவசாயிகளும் இல்லை. நியூயார்க் பிராட்வேயில் மொத்த வியாபாரிகளும் பங்குச்சந்தைக்காரர்களும் சேர்ந்து ஒரு கிரேஞ்ச் நடத்தினார்கள் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். 1880இல் கணக்கெடுத்தபோது மிஞ்சியிருந்தது ஏறக்குறைய 1.24 லட்சம் பேர். ஐந்து ஆண்டுகளில் ஏழில் ஆறு பங்கு ஆள் காணோம்.

இங்கேதான் இல்லினாய் கிளப்களையும் கிரேஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிளப்கள் போராட்டத்துக்காகவே கூடின. அதனால் கூர்மையாகப் பேசின, தேர்தலில் ஆள் நிறுத்தின, ஒரு நீதிபதியையே வீழ்த்தின. ஆனால் சட்டம் வந்துவிட்ட பிறகு, தேர்தல் முடிந்த பிறகு, அடுத்த மாதம் கூடுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அது அவர்களிடம் இல்லை. சில ஆண்டுகளில் கரைந்துபோனார்கள். கிரேஞ்சில் தங்கியவர்களுக்கு அடுத்த கூட்டத்தில் ஒரு புது உறுப்பினருக்கு இரண்டாம் படி நடத்த வேண்டியிருந்தது. ஒரு பெண் வெண்ணெய் எடுப்பது பற்றி வாசிக்க வேண்டியிருந்தது. யாரோ ஒருவருடைய மகன் பாட வேண்டியிருந்தது. பெரிய பிரச்சினை எதுவும் இல்லாத மாதத்திலும் கூட்டம் நடந்தது. அரசியல் பேசக்கூடாது என்ற விதியைக் கோழைத்தனம் என்று அன்றே பலர் விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கட்சிச் சண்டையில் பிளவுபடாமல் ஊரை ஒரே அறையில் வைத்திருந்ததும் அதே விதிதான்.

அந்த அறைக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்கில் கிரேஞ்ச் வெள்ளை விவசாயிகளின் சங்கமாகவே இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பின விவசாயிகள் அங்கே வயலில் உழைத்தார்கள், மண்டபத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை. பகைவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று கெல்லி கண்ட கனவு வெள்ளையர்களுக்கு இடையிலான பகையோடு நின்றுவிட்டது. 1886இல் டெக்சாஸில் கறுப்பின விவசாயிகள் தங்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள். வெள்ளையர்களின் சங்கங்கள் எதிலும் அவர்கள் சேர முடியாத நிலையில் வேறு வழி இருக்கவில்லை. பெண்கள் விஷயத்தில் அவ்வளவு துணிச்சல் காட்டிய ஒரு சங்கம் இதில் துணியவில்லை.

1880க்குப் பிறகு கிரேஞ்சின் பலம் நடுமேற்கிலிருந்து நியூ இங்கிலாந்து, நியூயார்க், பென்சில்வேனியா, மிச்சிகன் பக்கம் நகர்ந்தது. அங்கே கோபம் குறைவு, பொறுமை அதிகம். ஒரு கோரிக்கையை ஊர்க் கூட்டத்தில் தீர்மானமாக்கி, மாநிலக் கூட்டத்துக்கு அனுப்பி, அங்கிருந்து தேசியக் கூட்டத்துக்கு அனுப்பி, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கேட்பது அவர்கள் வழி. வேளாண்மை ஆராய்ச்சி நிலையங்களுக்கு 1887இல் ஹேட்ச் சட்டம் வந்தது. 1889இல் வேளாண்மைத் துறைக்கு அமைச்சரவையில் இடம் கிடைத்தது. இரண்டுமே கிரேஞ்ச் கேட்டுவந்தவை.

கெல்லி 1878இல் செயலாளர் பதவியை விட்டார். ஃப்ளோரிடாவில் நிலம் வாங்கி ஒரு ஊரையும் உருவாக்கினார். கேராபெல் என்ற அந்த ஊரின் பெயர் கரோலின் ஹாலின் நினைவாக வைத்தது.

எல்லாவற்றையும்விட விவசாயக் குடும்பங்களின் அன்றாடத்தை மாற்றியது தபால். அதுவரை நகரத்தில் வீட்டு வாசலுக்கே கடிதம் வரும், கிராமத்தில் இருப்பவர் மட்டும் வண்டி கட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போக வேண்டும். கிராம வீடுகளுக்கு இலவசத் தபால் விநியோகம் வேண்டும் என்று கிரேஞ்ச் கேட்டது. 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாகத் தொடங்கி, 1902இல் அது நிரந்தரத் திட்டமானது. அடுத்து பார்சல். தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகளும், தபால் வழி விற்பனை தங்கள் வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்று பயந்த சிறு நகரக் கடைக்காரர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பையும் தாண்டி 1913 ஜனவரி 1 அன்று பார்சல் தபால் தொடங்கியது. முதலில் 11 பவுண்டு எடை வரைதான் அனுமதி. விதை, துணி, மருந்து, கருவி எல்லாம் 160 ஏக்கர் நடுவே தனியாக நின்ற வீடுகளின் வாசலுக்கு வரத் தொடங்கின.